எஸ் பட்டனை அழுத்துவது கண்ணா, கையா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் வாரம் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஏதாவது ஒரு புரோகிராமை இன்ஸ்டால் செய்யும்போது திரை மங்கி, நடுவில் ஒரு கட்டம் தோன்றும். இந்த புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா என்று விண்டோஸ் கேட்கும். கீழே எஸ், நோ என இரண்டு பட்டன்கள். கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் உடனே மௌஸிலிருந்து கையை எடுத்துவிடுவார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படிப்பார். அப்படியும் சந்தேகம் தீராமல் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, எஸ் குடுக்கலாமா, நோ குடுக்கலாமா?" என்று கேட்பார்.

மூன்று மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அதே கட்டம் வரும். திரை மங்கி முடிப்பதற்குள் எஸ் அழுத்தப்பட்டிருக்கும். என்ன கேட்டது என்று விசாரித்தால், "ஏதோ கேட்டுச்சு, எப்பவும் கேக்கறதுதான்" என்று பதில் வரும்.

நூறு முறை இப்படி அழுத்துவதில் ஒன்றும் ஆகாது. நூற்றி ஒன்றாவது முறை அது ரான்சம்வேராக இருக்கலாம். பிள்ளைகளின் கல்யாணப் போட்டோக்கள், வருமான வரிக் கணக்கு, பத்து வருடமாகச் சேர்த்த பைல்கள் எல்லாவற்றையும் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்கும். அப்போது சர்வீஸ் செய்ய வருபவரிலிருந்து சொந்த மகன் வரை எல்லோரும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்கள். "படிச்சுப் பாக்காம அமுக்கினா இப்படித்தான்."

இந்தத் தீர்ப்பு தவறானது என்பது என் கருத்து. நான் சாஃப்ட்வேர் எழுதிச் சம்பாதிப்பவன். அந்தக் கட்டத்தைத் திரையில் வைப்பது என் தொழிலைச் சேர்ந்தவர்கள். வைத்துவிட்டு, அழுத்தியவர் மேல் பழியைப் போடுவது நியாயமில்லை. மூளையைப் பற்றிப் பல ஆண்டுகளாகத் தெரிந்த ஒரு விஷயத்தை அந்தக் கட்டத்தை வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. அது என்ன என்று பார்ப்போம்.

கடல் நத்தை சொன்ன பாடம்

ஏபிளீசியா என்று ஒரு கடல் நத்தை இருக்கிறது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் என்றால் இதற்கு மொத்தமே சுமார் 20,000தான். அவற்றில் சில வெறும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியவை. அதனால்தான் வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த விஞ்ஞானி எரிக் கண்டெல் இதைத் தேர்ந்தெடுத்தார். எந்த செல் எந்த செல்லோடு பேசுகிறது என்பதை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிக்கலாம் அல்லவா? சர்க்யூட் போர்டில் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நத்தைக்கு நீரை வெளியேற்றும் ஒரு குழல் உண்டு. அதை லேசாகத் தொட்டால், ஆபத்து என்று நினைத்துத் தன் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி தொட்டால் கொஞ்சம் குறைவாக இழுக்கும். பத்து முறை தொடுவதற்குள் பெரிதாகக் கண்டுகொள்ளாது. கண்டெலும் உடன் வேலை செய்தவர்களும் இதை 1970-ல் வெளியிட்டார்கள்.

நத்தைக்குக் களைத்துப் போய்விட்டது என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. தலையிலோ வாலிலோ பலமாக ஒரு அதிர்ச்சி கொடுத்துவிட்டுக் குழலைத் தொட்டால் செவுளைப் பழையபடி இழுக்கிறது. அப்படியானால் தசைக்குக் களைப்பு இல்லை. மாறியிருப்பது நடுவில் உள்ள இணைப்பு. தொடுதலை உணரும் செல், செவுளை இழுக்கும் செல்லுக்கு ஒரு வேதிப்பொருளை அனுப்பித்தான் செய்தி சொல்கிறது. திரும்பத் திரும்பத் தொடும்போது அந்த வேதிப்பொருள் வெளியாவது குறைந்துகொண்டே போகிறது. ஆபத்தில்லாத செய்திக்குச் செலவு செய்வதை சர்க்யூட் தானாகவே நிறுத்திவிடுகிறது.

இது சில நிமிட விவகாரம் என்று விட்டுவிடவும் முடியாது. நாளுக்குப் பத்துத் தொடுதல் என்று நான்கு நாட்கள் தொடர்ந்து பழக்கியபோது அலட்சியம் மூன்று வாரம் வரை நீடித்தது. பிறகு 1978-ல் அந்த இணைப்புகளையே சோதித்துப் பார்த்தார்கள். பழக்கப்படாத நத்தைகளில் இந்த இணைப்புகளில் ஏறக்குறைய 90 சதவீதம் வேலை செய்தன. பழக்கப்பட்டவற்றில் வேலை செய்தவை சுமார் 30 சதவீதம். யாரும் எதையும் வெட்டவில்லை. வெறுமனே தொட்டார்கள், அவ்வளவுதான். நினைவாற்றல் பற்றிய இத்தகைய ஆய்வுகளுக்காகக் கண்டெலுக்கு 2000-ம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

திரும்பத் திரும்பத் தூண்டினால் எப்போதும் இணைப்பு பலவீனமாகும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நேர் எதிராகவும் நடக்கும். நார்வேயின் ஆஸ்லோவில் டிமோதி பிளிஸ், டெர்யே லோமோ இருவரும் முயலின் மூளையில் நினைவாற்றலுக்கு முக்கியமான ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளில் வேகமாக மின்துடிப்புகளைச் செலுத்தினார்கள். அந்த இணைப்பு பலமடைந்து, மணிக்கணக்கில் அப்படியே இருந்தது. இது வெளியானது 1973-ல். பின்னர் 1992-ல் அமெரிக்காவில் செரீனா டுடெக், மார்க் பேர் இருவரும் எலியின் மூளையில் இதே பகுதியை எடுத்து, 900 துடிப்புகளை வெவ்வேறு வேகத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். நொடிக்கு ஒன்று என்றால் இணைப்பு பலவீனமாகிறது. நொடிக்கு 50 என்றால் பலமடைகிறது. நொடிக்குப் பத்து என்றால் பெரிய மாற்றமில்லை. எண்ணிக்கை ஒன்றுதான், வேகம் மட்டும்தான் வேறு.

எலி மூளையின் ஒரு துண்டில் நடந்ததை வைத்து நீங்கள் மௌஸைப் பிடிக்கும் கையைப் பற்றித் தீர்ப்பு எழுத முடியாது. (எலிக்கும் மௌஸுக்கும் பெயர்ப் பொருத்தம் இருப்பது வேறு விஷயம்.) நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான். நரம்பில் ஒரு செய்தி போவதே அந்த நரம்பின் இணைப்பை மாற்றக்கூடும்.

கம்ப்யூட்டரில் இப்படி இல்லை

மூளையைக் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டுப் பேசுவது எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. காரணம் இதுதான். உங்கள் சி.பி.யு.வில் ஒரு கட்டளையை முதல் முறை ஓட்டினாலும் பத்து லட்சமாவது முறை ஓட்டினாலும் விடை ஒன்றுதான். ராம் மெமரியில் ஒரு எண்ணை ஆயிரம் முறை படித்தாலும் அது அலுத்துப்போய் வேறு எண்ணைச் சொல்லாது. இந்த உலகத்திலேயே நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் புரோகிராமர், கட்டத்தின் மறுபக்கம் இருக்கும் மனிதரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார். இருநூறாவது எச்சரிக்கையை முதல் எச்சரிக்கையைப் போலவே படிப்பார் என்று எதிர்பார்த்து புரோகிராமை எழுதுகிறார்.

மனிதர்களிடமும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, ஆட்களை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, கம்ப்யூட்டர் எச்சரிக்கைக் கட்டங்களைத் திரும்பத் திரும்பக் காட்டியது. முடிவுகள் 2015-ல் வெளியாயின. மூளையில் காட்சியைக் கையாளும் பகுதிகளின் செயல்பாடு, ஒரே கட்டத்தை இரண்டாம் முறை பார்க்கும்போதே பெரிய அளவில் குறைந்துவிட்டது! இருபதாவது முறை அல்ல, இரண்டாவது முறை. அதன் பிறகு இன்னும் குறைந்தது. நிறம், வடிவம், அசைவு என்று தோற்றத்தை மாற்றி மாற்றிக் காட்டிய எச்சரிக்கைகளுக்கு இந்தச் சரிவு குறைவாக இருந்தது. அதே குழு ஐந்து நாள் தொடர்ந்து செய்த ஆய்வு 2018-ல் வந்தது. இரவு இடைவெளியில் கவனம் கொஞ்சம் மீள்கிறது, ஆனால் முழுதாக மீளவில்லை.

ஆக, "ஏதோ கேட்டுச்சு" என்று அந்தப் பெரியவர் சொன்னது அலட்சியமான பதில் அல்ல, உண்மையான பதில். கட்டம் கண்ணில் விழுந்தது. மூளை அதற்குப் பழையபடி செலவு செய்யவில்லை.

கேட்பதற்குப் பதில் திருத்த விடலாம்

சாஃப்ட்வேர் கம்பெனிகளில் நடக்கும் கூட்டங்களில் ஒரு வசனத்தை அடிக்கடி கேட்கலாம். ஒரு வசதியால் யூசருக்குப் பிரச்சினை வரலாம் என்று யாராவது சொன்னால், உடனே இன்னொருவர் "கன்பர்மேஷன் பாக்ஸ் ஒண்ணு போட்டுடுங்க" என்பார். எல்லோரும் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். பிரச்சினை தீரவில்லை. பொறுப்பு கைமாறிவிட்டது. நாளைக்கு ஏதாவது ஆனால், நாங்கள்தான் கேட்டோமே, நீங்கள்தானே எஸ் சொன்னீர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

2007-ல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவை நினைத்துப் பாருங்கள். யூசர் அக்கவுண்ட் கண்ட்ரோல் என்ற பெயரில், திரையை மங்க வைத்து அனுமதி கேட்கும் முறை அதில்தான் அறிமுகமானது. யோசனை நல்லது. ஆனால் தொட்டதற்கெல்லாம் கேட்டது. மக்கள் சலித்துப்போய் அந்தப் பாதுகாப்பையே அணைத்து வைத்தார்கள். 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் மைக்ரோசாஃப்ட் இந்தக் கேள்விகளைக் குறைத்தது. குறைத்ததுதான் சரி.

இன்னொரு உதாரணம் ரீசைக்கிள் பின். ஒரு பைலை அழித்தால் அது அங்கே போய்த் தங்குகிறது. வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவு அருமையான ஏற்பாட்டைச் செய்துவிட்டு, அதற்கு முன்னால் "நிச்சயமாக அழிக்கலாமா?" என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். திரும்ப எடுக்க முடியும் என்றால் கேட்பானேன்? 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல்தான் அந்தக் கேள்வி, நாம் விரும்பிப் போட்டுக்கொண்டால் மட்டும் வருவதாக ஆனது. ஜிமெயிலில் மெயிலை அனுப்பியதும் சில விநாடிகளுக்கு அன்டூ என்று வருகிறதே, அதுவும் இதே நல்ல வழிதான். கேள்வி கேட்காமல் தவறைத் திருத்திக்கொள்ள இடம் கொடுக்கிறது. திருத்தவே முடியாத செயலுக்கு மட்டும்தான் கேள்வி கேட்க வேண்டும்.

மக்கள் எச்சரிக்கைகளை மதிப்பதே இல்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2013-ல் குரோம், பயர்பாக்ஸ் பிரவுசர்களில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளை ஆராய்ந்து பார்த்தார்கள். ஆபத்தான தளம் என்று சொல்லும் எச்சரிக்கையைத் தாண்டிப் போனது பயர்பாக்ஸில் பத்தில் ஒரு பங்கு, குரோமில் நான்கில் ஒரு பங்கு. பெரும்பாலான சமயங்களில் மக்கள் நின்றுவிட்டார்கள்! ஆனால் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்ற எச்சரிக்கையை மட்டும் குரோமில் 70 சதவீதம் தாண்டிப் போனார்கள். பயர்பாக்ஸில் அது மூன்றில் ஒரு பங்கு. இரண்டு பிரவுசரிலும் திரையின் அமைப்பு வேறு, தாண்டிப்போகத் தேவைப்பட்ட கிளிக்குகள் வேறு. மனிதர்களின் புத்தி பிரவுசருக்குப் பிரவுசர் இவ்வளவு மாறாது. கட்டத்தை எப்படிச் செய்கிறோம், எத்தனை முறை வீணாகக் காட்டுகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது.

வீண் எச்சரிக்கை எப்படி வருகிறது தெரியுமா? வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருந்தால், மதர்போர்டில் உள்ள வட்டமான சின்ன பேட்டரி தீர்ந்துபோய், ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். அப்போது நல்ல தளங்களுக்கும் சான்றிதழ் எச்சரிக்கை வரும். ஒவ்வொன்றையும் தாண்டித் தாண்டிப் பழகினால், ஒரு நாள் உண்மையான எச்சரிக்கையும் அதே கணக்கில் போய்விடும். கடையில் அந்த பேட்டரியை வாங்கி மாற்றி, தேதியைச் சரிசெய்துவிடுங்கள். செலவு அதிகமில்லை. இதைச் செய்யாமல், எச்சரிக்கையைத் தாண்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பவர்கள் நல்லது செய்யவில்லை.

இதைப் புரிந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவன் புகுந்தான். ஒப்பந்த ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் லாகின் செய்ய முயன்றான். ஒவ்வொரு முறையும் ஊழியரின் போனுக்கு, அனுமதிக்கலாமா என்ற கேள்வி போனது. முதலில் மறுத்தவர் கடைசியில் ஒரு முறை அனுமதித்துவிட்டார். அந்த ஊழியரின் அனுபவமும் நம் வீட்டுக் கட்டமும் ஒன்றல்ல. தொல்லை தாங்காமல் கொடுத்த அனுமதி அது. ஆனால் ஒரே தட்டலில் அனுமதி என்ற ஏற்பாடு இரண்டிலும் ஒன்றுதான். மைக்ரோசாஃப்ட் தன் ஆதன்டிகேட்டர் ஆப்பில், லாகின் திரையில் தெரியும் எண்ணைப் பார்த்துப் போனில் டைப் செய்தால்தான் அனுமதி என்று 2023 மே மாதம் முதல் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு முறையும் எண் வேறு. கண் பார்க்காமல் கை மட்டும் இதைச் செய்ய முடியாது.

நம் ஊரிலும் ஒன்று நடந்தது. யு.பி.ஐ.யில், எனக்குப் பணம் அனுப்புங்கள் என்று ஒருவருக்கொருவர் கோரிக்கை அனுப்பும் வசதி இருந்தது. உங்களுக்குப் பணம் வருகிறது என்று நம்பவைத்து, கோரிக்கையை அனுப்பி, பின் நம்பரைப் போடச் செய்து பணத்தை எடுத்தார்கள். டீக்கடை முதல் மளிகைக்கடை வரை தினம் பத்து முறை பின் நம்பர் போட்டுப் பழகிய கைக்கு இது பதினோராவது. "பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையில்லை" என்று ஆண்டுக்கணக்கில் விளம்பரம் செய்தார்கள். கடைசியில், தனிநபர்களுக்கு இடையிலான அந்தக் கோரிக்கை வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தும்படி என்.பி.சி.ஐ. உத்தரவிட்டது. இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்பேன். மக்களைத் திருத்துவதைவிடக் கட்டத்தை எடுப்பது சுலபம்.

நீங்கள் செய்யக்கூடியது

எல்லாவற்றையும் கவனமாகப் படியுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. முடியாது என்றுதான் இவ்வளவு நேரம் எழுதியிருக்கிறேன். வரும் கட்டங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

அதிகத் தொல்லை பிரவுசரில்தான். செய்தித்தளம், சமையல் குறிப்புத்தளம் எல்லாம் உங்களுக்கு அறிவிப்புகள் அனுப்பட்டுமா என்று கேட்கின்றன. குரோமில் செட்டிங்ஸ் சென்று, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிபிகேஷன்ஸ் என்று போய், எந்தத் தளமும் கேட்கக்கூடாது என்று அமைத்துவிடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். ஏற்கெனவே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கும். தெரியாத பெயர்களை நீக்கிவிடுங்கள். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று மூலையில் வந்து பயமுறுத்தும் பல அறிவிப்புகள் இந்தப் பட்டியலிலிருந்துதான் வருகின்றன. புதிய கம்ப்யூட்டரோடு சோதனைக்காகக் கொடுத்த ஆன்டிவைரஸ், காலம் முடிந்தபின் பணம் கட்டு என்று தினமும் கட்டம் காட்டினால், ஒன்று பணம் கட்டுங்கள், அல்லது அதை நீக்கிவிடுங்கள். விண்டோஸிலேயே டிபெண்டர் இருக்கிறது. இரண்டும் இல்லாமல் தினமும் மூடிக்கொண்டிருப்பதுதான் மோசம். எச்சரிக்கையை மூடுவதற்குத் தினசரிப் பயிற்சி அது.

குக்கீ அனுமதிக் கட்டத்துக்கு நல்ல வழி எதுவும் என்னிடம் இல்லை. ஐரோப்பிய சட்டம் மக்களின் அந்தரங்கத்தைக் காப்பாற்ற நினைத்தது. கிடைத்தது உலகம் முழுவதும் அக்செப்ட் பட்டனை அழுத்தும் பயிற்சி.

திரை மங்கிக் கேட்கும் அந்தக் கட்டத்தை மட்டும் அணைக்காதீர்கள். தொல்லையாக இருக்கிறது என்று அதன் அளவுகோலை அடிமட்டத்துக்கு இழுத்துவிடும் நண்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தக் கட்டம் வரும்போது அதன் மேல்பட்டையின் நிறத்தை மட்டும் பாருங்கள். தயாரித்தவர் யார் என்று சரிபார்க்கப்பட்ட புரோகிராம் என்றால் நீலம். யார் என்று தெரியாவிட்டால் மஞ்சள். நீலம் என்பதற்காக எல்லாமே நல்ல புரோகிராம் என்று அர்த்தமில்லை. ஆனால் மஞ்சளைக் கண்டால் நிறுத்துங்கள். நீங்கள் எதையும் இன்ஸ்டால் செய்யத் தொடங்காதபோது தானாக வந்தால், நிறம் எதுவாக இருந்தாலும் நோ.

இதையும்விட நல்ல வழி ஒன்று உண்டு. அன்றாட வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட்டைப் பயன்படுத்தாமல், ஸ்டாண்டர்டு யூசர் என்று தனியாக ஒன்றை உருவாக்கி அதில் வேலை செய்யுங்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதியில் இதைச் செய்யலாம். அதன் பிறகு இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸ் வெறும் எஸ் கேட்காது, அட்மினிஸ்ட்ரேட்டரின் பாஸ்வேர்டைக் கேட்கும். அதை டைப் செய்ய வேண்டுமானால் கையை மௌஸிலிருந்து எடுத்துக் கீபோர்டில் வைக்க வேண்டும். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் பாஸ்வேர்டை அவர்களுக்குச் சொல்லாமல் இருப்பது உங்கள் விருப்பம். "இது எதுக்கும்மா பாஸ்வேர்டு கேக்குது?" என்று கூப்பிட்டுக் கேட்பார்கள். அப்போது கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒருவராவது படிப்பார்.